எவான்ஸ் கேம்பிட்டில் தரும் சிப்பாயை வெட்டலாமா?

சதுரங்கத்தில் கறுப்புக் காய்களோடு ஆடும்போது எதிராளி எவான்ஸ் கேம்பிட் (ஒரு சிப்பாயைப் பலியாகத் தரும் தொடக்க முறை) ஆடினால் அந்தச் சிப்பாயை வெட்டுவதா, விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வெட்டுங்கள். வெட்டியதைக் கடைசிவரை கட்டிக் காப்பேன் என்று அடம் பிடிப்பதில்தான் வினை இருக்கிறது.

அறியாதவர்களுக்காக (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுக்கு வரிசை, எண் குறுக்கு வரிசை): வெள்ளைச் சிப்பாய் ஈ4-க்கு, கறுப்புச் சிப்பாய் ஈ5-க்கு. பிறகு குதிரைகள் எஃப்3-க்கும் சி6-க்கும், பிஷப்புகள் சி4-க்கும் சி5-க்கும் வருகின்றன. நான்காவது நகர்த்தலில் வெள்ளை பி4 என்று ஒரு சிப்பாயைக் கறுப்பு பிஷப்பின் வாயருகே நீட்டுகிறது. 1820-களில் வில்லியம் டேவிஸ் எவான்ஸ் என்ற வேல்ஸ் நாட்டுக் கப்பல் கேப்டன் கண்ட வழி இது. பிஷப் வெட்டியதும் சி3 என்று அதை விரட்டுவார்கள். அது ஓடி ஒளிவதற்குள் டி4 வந்து நடுப்பலகையைப் பிடித்துவிடும். ஒரு சிப்பாயைக் கொடுத்து வெள்ளை வாங்குவது நேரத்தைத்தான்.

குன்னூர் பெட்போர்டு பக்கம் ஒரு டீக்கடையின் பின்கட்டில் நாங்கள் ஆடுகிறோம். அங்கே தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவருக்கு இதைத் தவிர வேறு தொடக்கமே பிடிக்காது. எங்கள் பலகையில் கறுப்பு பிஷப் ஒன்று தொலைந்து, அந்த இடத்தில் நீலகிரித் தைலப் பாட்டிலின் மூடி நிற்கிறது. பி4 சிப்பாயைச் சுண்டுவிரலால் தள்ளிவிட்டு, மப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டு, "எடுத்துக்கொள் தம்பி" என்பார். அந்த மூடியைத் துரத்துவதில் அவருக்கு அலாதி ஆனந்தம்.

அவரிடம் பலரும் தோற்பது ஒரே மாதிரிதான். பிஷப்பை ஏ5-க்கு இழுத்து, டி4 சிப்பாயை வெட்டி, வெள்ளை ராஜா கோட்டை கட்டியதும் (யானையோடு இடம் மாறி ஓரத்தில் பத்திரமானதும்) சி3 சிப்பாயையும் வெட்டுவார்கள். மூன்று சிப்பாய் லாபம்! வெள்ளை ராணி பி3-க்கு வந்து, பிஷப்போடு சேர்ந்து கறுப்பு ராஜாவை ஒட்டிய எஃப்7-ஐக் குறிவைக்கும்போதுதான் தங்கள் காய்களில் பாதி இன்னும் வீட்டைவிட்டே கிளம்பவில்லை என்பது உறைக்கும்.

லாஸ்கர் காட்டிய வழி வேறு. 1894 முதல் 1921 வரை உலக சாம்பியனாக இருந்த மனிதர், பேராசைக்காரர் அல்ல. பிஷப் ஏ5-க்குப் போகட்டும். வெள்ளை டி4 ஆடியதும் வெட்டாமல் டி6 என்று முட்டுக்கொடுங்கள். வெள்ளை கோட்டை கட்டினால் பிஷப்பை பி6-க்கு நகர்த்துங்கள். இப்போது வெள்ளை ஈ5-இல் வெட்டி, ராணிகளை மாற்றி, சிப்பாயைத் திரும்ப எடுக்கலாம். எடுக்கட்டும். ராணி இல்லாமல் தாக்குதல் ஏது? ஏ, சி வரிசைகளில் துணையற்று நிற்கும் வெள்ளைச் சிப்பாய்கள்தான் மிஞ்சும். பெரியவரிடம் இதை ஆடினால், "மழை விடவே இன்னும் நேரமிருக்கிறது, அதற்குள் ராணியை மாற்றி என்ன செய்யப் போகிறாய்?" என்று சலித்துக்கொள்வார். அந்தச் சலிப்பே உங்களுக்கு நல்ல சான்று. வெள்ளை கோட்டை கட்டாமல் உடனே ராணியை பி3-க்குக் கொண்டுவந்தால், உங்கள் ராணியை டி7-இல் வைத்து எஃப்7-ஐக் காத்துக்கொள்ளுங்கள்.

பிஷப்பை ஈ7-க்கு இழுப்பதும் நல்ல வழிதான். வெள்ளை டி4 ஆடியதும் குதிரையை ஏ5-க்கு அனுப்பி வெள்ளை பிஷப்பைத் தொட வேண்டும். வெள்ளை ஈ5 சிப்பாயைத் தின்றால், குதிரையால் பிஷப்பை வெட்டி, வெள்ளைக் குதிரை திருப்பி வெட்டியதும் டி5. சிப்பாய்க் கணக்கு சமம், இரண்டு பிஷப்பும் உங்களிடம். ஆனால் 1995-இல் ரீகாவில் நம் ஆனந்த் இந்த வழியில் போனபோது வெள்ளையில் ஆடிய ரஷ்ய வீரர் காஸ்பரோவ் ஈ5-ஐத் தொடவில்லை. பிஷப்பை ஈ2-க்குப் பின்வாங்கி, ஆனந்த் டி4-இல் வெட்டியதும் ராணியாலேயே திருப்பி வெட்டினார். 25 நகர்த்தல்களில் ஆனந்த் தோற்றார். அந்த ஆட்டத்தைப் பலகையில் ஒருமுறை போட்டுப் பார்த்த பிறகு ஈ7-ஐத் தேர்ந்தெடுங்கள்.

வெட்டவே மனமில்லை என்றால் பிஷப்பை பி6-க்கு நகர்த்தலாம். அடுத்து ஏ4 வந்தால் ஏ6 ஆட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பிஷப் மாட்டிக்கொள்ளும்.