பெயர்ப்பலகையும் பெயர்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கான்பரா நகரமைப்பைப் பற்றிய கட்டுரையில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தைப் பாராட்டியிருந்தீர்கள். எனக்கு ஓர் ஐயம். வெற்று நிலத்தில் திட்டமிட்டு எழுப்பப்படும் தலைநகரில் நினைவுச் சின்னத்துக்கென்று தனி இடம் எதற்கு? ஓர் அரசு அலுவலகத்தைக் கட்டி, அதையே போரில் மாண்டவர்களுக்குக் காணிக்கையாக்கினால் நாள்தோறும் மக்களுக்குப் பயன்படுமே?

ச.

அன்புள்ள ச. அவர்களுக்கு,

உங்கள் கேள்வி நியாயமானது. முதல் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரேலியாவின் ஊர்கள் பலவற்றில் இதே விவாதம் எழுந்தது. சில ஊர்கள் தூணும் சிலையும் நிறுத்தின, சில ஊர்கள் நினைவு மண்டபமோ மருத்துவமனையோ கட்டின. மருத்துவமனை கட்டியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாசலில் ஒரு பெயரைப் பொறித்ததும் அலுவலகம் நினைவகமாகிவிடும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கான்பராவிலேயே இதற்குச் சான்று உண்டு. அன்சாக் அணிவகுப்புச் சாலையின் ஏரிக்கரை முனையில், 1960களில், வாயில்தூண்களைப் போல இரட்டை அலுவலகக் கட்டடங்கள் எழுந்தன. அவற்றுக்கு அன்சாக் பூங்கா கிழக்கு, மேற்கு என்று பெயரிட்டார்கள். அன்சாக் என்பது முதல் உலகப் போரில் துருக்கியின் கலிப்போலியில் போரிட்ட ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையின் பெயர்தான். ஆனால் அங்கே வேலைக்கு வந்தவர்களுக்கு அது ஒரு முகவரி, மாண்டவர் யார் என்பதை முகவரி சொல்லாது.

அதே சாலையின் மறுமுனையில், எயின்ஸ்லி குன்றின் அடிவாரத்தில் நிற்கும் போர் நினைவகமும் அரசுக் கட்டடமே. 1916இல் பிரான்ஸின் போசியேர் களத்தில் ஆஸ்திரேலியர்கள் கொத்துக் கொத்தாக மடிந்ததைக் கண்ட போர்ச் செய்தியாளர் சார்லஸ் பீனின் மனத்தில் கருக்கொண்டு, பொருளாதார மந்தத்தால் பணி தாமதமாகி, 1941 நவம்பர் 11 அன்று, இன்னொரு உலகப் போரின் நடுவே அது திறக்கப்பட்டது. அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், அஞ்சலிக் கூடம் மூன்றும் அங்கே ஒன்றாக இருப்பதால், நீங்கள் கேட்கும் அன்றாடப் பயனுக்கும் குறைவில்லை. முற்றத்தை ஒட்டிய நடைக்கூடத்தின் வெண்கலப் பலகைகளில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. எந்தப் பெயருக்கும் படைப்பதவி குறிக்கப்படவில்லை. வருபவர்கள் தம் குடும்பத்தாரின் பெயரை விரலால் தடவித் தேடி, பலகையின் இடுக்கில் ஒரு சிவப்புப் பாப்பிப் பூவைச் செருகிவிட்டுப் போகிறார்கள்.

கான்பராவை வடிவமைக்கும் போட்டியில் 1912இல் பரிசு வென்ற கட்டடக் கலைஞர் கிரிஃபினின் திட்டத்தில் இந்த நினைவகம் கிடையாது. போரே அப்போது தொடங்கியிருக்கவில்லை. அவர் அங்கே எண்ணியிருந்தது மக்கள் கூடிக் களிக்கும் இடம். இன்றோ, 1927இன் பழைய நாடாளுமன்றமும் 1988இன் புதிய நாடாளுமன்றமும் அதே நேர்கோட்டில் நினைவகத்தைப் பார்த்தபடி நிற்கின்றன. படை அனுப்புவதென்று முடிவெடுத்த ஓர் அமைச்சர் முன்வாசலுக்கு வந்தால், ஏரிக்கு அப்பால் அந்தச் செப்புக் குவிமாடம் தெரியும். அலுவலகங்களுக்கு நடுவே ஒரு கட்டடம் நினைவுக்கென்றே நிற்பதால்தான் இது வாய்த்தது.

இதற்குப் பிறகும் அலுவலகமே போதும் என்று தோன்றினால், ஊழியர்கள் அன்றாடம் கடந்து செல்லும் சுவரில் பெயர்களை முழுமையாகப் பொறிக்கச் சொல்லுங்கள். பூ வைக்க வருபவர்கள் அனுமதிச் சீட்டு கேட்கப்படாமல் உள்ளே வர வழி விடவும் சொல்லுங்கள்.