நெஞ்சுக்குக் காவல்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு வயது 34. எட்டு மாதமாக நெஞ்சு படபடப்பு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஒரு துடிப்பு விட்டுப்போனதுபோல் இருக்கும். அடுத்த நொடி தொண்டைவரை ஏதோ புரண்டு ‘தொம்’ என்று ஒரு அடி. பிறகு படபடவென்று அடிக்க ஆரம்பித்துவிடும். உள்ளங்கை வியர்க்கும், விரல்கள் மரத்துப்போகும், இதோ முடிந்தது என்று தோன்றும். இரண்டு முறை நடுராத்திரியில் எமர்ஜென்சிக்கு ஓடியிருக்கிறேன். ஈசிஜி, எக்கோ, தைராய்டு, ஹீமோகுளோபின் எல்லாம் பார்த்தாயிற்று. ஒருநாள் முழுக்க இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை மாட்டியிருந்த அன்றும் அந்த ‘தொம்’ வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, “எக்டோபிக் பீட்ஸ்தான், இதயம் நன்றாக இருக்கிறது, போய் வேலையைப் பாருங்கள்” என்றார்.

வேலையைத்தான் பார்க்க முடியவில்லை. ஸ்மார்ட் வாட்ச்சில் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். காபியை விட்டேன். மாடிப்படி ஏறுவதை விட்டேன். இடப்பக்கம் திரும்பிப் படுப்பதில்லை. “எல்லாம் மனசுதான்” என்கிறாள் மனைவி. கேட்டாலே எரிச்சல் வருகிறது. உங்களுக்கும் இது உண்டு என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். எப்படி வெளியே வந்தீர்கள்?

அன்புடன்,
பெயர் வேண்டாம், அக்கா.

*

அன்புள்ள தம்பி,

கடிதத்தின் முக்கியமான வரியைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். ஹோல்டர் மாட்டியிருந்த அன்றே அந்த ‘தொம்’ வந்தது என்கிறீர்களே, அந்த வரிதான். பலருக்கு இது வாய்ப்பதில்லை. 24 மணிநேரம் மாட்டியிருக்கும்போது இதயம் சாதுவாக இருக்கும், கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் ஆரம்பிக்கும். அவர்களுக்கு ஒரு வாரமோ இரண்டு வாரமோ மாட்டிக்கொள்ளும் கருவி தேவைப்படலாம். உங்கள் விஷயத்தில் நீங்கள் பயந்த அதே நொடி பதிவாகியிருக்கிறது, விஷயம் தெரிந்த ஒருவர் அதைப் படித்து இன்னதென்று சொல்லியிருக்கிறார். அந்தக் கேள்வி அங்கேயே முடிந்துவிட்டது.

அந்த ‘தொம்’ என்னவென்று யாரும் உங்களுக்கு விளக்கவில்லை என்று நினைக்கிறேன். இதயத்துக்குத் தாளம் கொடுப்பது வலது மேலறையில் இருக்கும் சைனஸ் கணு. எப்போதாவது வேறொரு இடத்திலிருந்து ஒரு துடிப்பு முந்திக்கொண்டு கிளம்பிவிடும். உங்கள் டாக்டர் சொன்ன எக்டோபிக் இதுதான். அறை சரியாக நிரம்புவதற்குள் வந்துவிடுவதால் அதில் வேகம் இருக்காது, நாடியில்கூடப் பல சமயம் தெரியாது. அதையடுத்து ஒரு சின்ன இடைவெளி. அதற்குள் வழக்கத்தைவிட அதிக ரத்தம் நிரம்பிவிடுகிறது. அடுத்த துடிப்பு அதை ஓங்கித் தள்ளுகிறது. ஆக, உங்களைத் தூக்கிவாரிப் போடும் அந்த அடி கோளாறான துடிப்பு இல்லை. ஒழுங்கான துடிப்பு திரும்பி வந்துவிட்டது என்பதற்கான அடி அது. நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிற உறுப்பு. நல்ல ஆரோக்கியமானவர்களுக்கு ஒருநாள் முழுக்கப் பதிவெடுத்தாலும் பெரும்பாலோரிடம் இப்படிச் சிலவாவது தென்படும். பலர் அதை உணர்வதே இல்லை. இடப்பக்கம் படுத்தால் இதயம் நெஞ்சுச்சுவரை ஒட்டி வருவதால் சத்தம் கூடுதலாகத் தெரிகிறது, அவ்வளவுதான். தாராளமாகத் திரும்பிப் படுங்கள்.

எக்டோபிக் ஒரு நொடி விவகாரம். அதற்குப் பின்னால் வருகிற படபடப்பும் வியர்வையும் பயம் கிளப்பிவிட்ட அட்ரினலினின் வேலை. விரல் மரத்துப்போவது, உங்களை அறியாமல் வேகவேகமாக மூச்சுவிட்டு ரத்தத்தில் கரியமில வாயுவைக் குறைத்துக்கொண்டதால். உங்கள் மனைவி சொன்னதில் பாதி தப்பு. துடிப்பும் நிஜம், அட்ரினலினும் நிஜம். மனசு போட்டது நடுவில் இருக்கும் ‘இதோ முடிந்தது’ என்ற ஒரு வரியை மட்டும். ஆனால் ஒரு நொடியை அரைமணி நேரமாக இழுப்பது அந்த வரிதான். உடம்பில் ஏற்படும் ஓர் உணர்வை ஆபத்தாக எடுத்துக்கொள்கிறோம், பயம் வருகிறது, பயம் அதே உணர்வைப் பெருக்குகிறது. பேனிக் அட்டாக்கை இப்படியொரு சுழலாக 1986இல் விளக்கியவர் டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர். இன்றைய சிகிச்சையில் பெரும்பகுதி அந்தச் சுழலை அறுப்பதுதான்.

வாட்ச்சைக் கழற்றி வையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக என்றெல்லாம் வேண்டாம். கழுத்தில் விரல் வைத்துப் பார்ப்பதும், ராத்திரி இரண்டு மணிக்கு இணையத்தில் தேடுவதும் இதோடு சேர்த்திதான். தூங்குகிறதா என்று பார்க்க நிமிஷத்துக்கொரு தடவை குழந்தையைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது எப்படித் தூங்கும்? 72 என்று பார்த்ததும் ஓர் ஆறுதல் வருகிறதே, அது பத்து நிமிஷம்கூடத் தாங்காது. ஆனால் ‘பார்த்ததால்தான் தப்பித்தேன்’ என்ற பாடம் மட்டும் உள்ளே பதிந்துவிடும். முதல் சில நாட்கள் கை தானாக மணிக்கட்டுக்குப் போகும். படபடப்பு கூடினாற்போலக்கூட இருக்கும். அதை எதிர்பார்த்தே தொடங்குங்கள்.

அடுத்தது மாடிப்படி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் படபடப்பும் நெஞ்சுவலியும் சோர்வுமாக வந்த சிப்பாய்களைச் சோதித்த டா கோஸ்டா என்ற மருத்துவர், அவர்களில் பலருடைய இதயத்தில் நோய் எதையும் காண முடியவில்லை என்று 1871இல் எழுதினார். முதல் உலகப் போரில் இதே தொல்லையோடு வந்தவர்களை தாமஸ் லூயிஸ் என்ற இதய மருத்துவர் படுக்கையில் கிடத்திவைக்காமல், படிப்படியாகக் கூட்டிய உடற்பயிற்சியில் இறக்கினார். இன்றைக்கு உளவியல் சிகிச்சையில் செய்வதும் கிட்டத்தட்ட இதுவே, காரணம்தான் வேறு. உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, நெஞ்சு நன்றாக அடிக்கும்வரை படியேறுங்கள். மேலே போய் நில்லுங்கள். நாடி பார்க்காதீர்கள், தண்ணீர் தேடி ஓடாதீர்கள். அடிக்கட்டும். தானாக இறங்கும். இதைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, வேகமாக அடிப்பதும் ஆபத்தும் ஒன்றல்ல என்று உடம்புக்குப் புரிகிறது. வாயால் நூறு முறை சொல்லியும் புரியாத சங்கதி இது.

மூச்சுப் பயிற்சியில் எனக்கு அரை நம்பிக்கைதான். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கி, நிமிஷத்துக்கு ஆறேழு மூச்சாகக் குறைத்தால் விரல் மரத்துப்போவது நிற்கும், அது உண்மை. ஆனால் ‘இதைச் செய்யாவிட்டால் செத்துவிடுவேன்’ என்று செய்தால் அதுவும் இன்னொரு வாட்ச்தான்.

காபி குடித்த நாளில் மட்டும் கூடுகிறது என்று தெரிந்தால் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் அளவோடு குடிப்பதில் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை இல்லை. தூக்கம் கெடுவதும், சிகரெட்டும், மதுவும், மூக்கடைப்புக்கு விழுங்கும் சில மாத்திரைகளும்தான் கவனிக்க வேண்டியவை.

இதையெல்லாம் பழகிய அந்தப் பழைய ‘தொம்’முக்குத்தான் சொல்கிறேன். மயங்கி விழுந்தாலோ விழப்போவதுபோல் வந்தாலோ, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்து வந்தாலோ, உழைப்பின் நடுவே திடீரென்று தொடங்கினாலோ, ஸ்விட்ச் போட்டதுபோல் 150க்கு மேல் ஏறி அங்கேயே நின்றாலோ, தாளமே இல்லாமல் கன்னாபின்னாவென்று அடித்தாலோ, பதற்றமாகத்தான் இருக்கும் என்று வீட்டில் உட்கார்ந்து வாதம் செய்யாமல் கிளம்புங்கள். குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். ஓரிரு மாதத்தில் தானாகச் சமாளிக்க முடியவில்லை என்றால் உளவியல் ஆலோசகரிடமோ மனநல மருத்துவரிடமோ போங்கள். மருந்து தேவைப்பட்டால் மனநல மருத்துவர் எழுதித் தருவார், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. நண்பர் கொடுத்தார் என்று, படபடப்பைக் குறைக்கும் ப்ரொப்ரனலால் மாத்திரையை மட்டும் வாங்கிப் போடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

எப்படி வெளியே வந்தீர்கள் என்று கேட்டீர்கள். எனக்கு இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. போன வாரம்கூடப் பேசிக்கொண்டிருக்கும்போது வந்தது. வாக்கியத்தை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கினேன். இத்தனை வருஷத்தில் மாறியது இவ்வளவுதான், ஆனால் இது போதுமானதாக இருக்கிறது.

மனைவியிடம் எரிந்து விழுவதற்குப் பதில் ஒன்று கேளுங்கள். உங்களுக்கு வரும்போது “இப்ப எப்படி இருக்கு?” என்று அவர் விசாரிக்க வேண்டாம். அதுவரை என்ன பேசிக்கொண்டிருந்தாரோ அதையே தொடரட்டும். நீங்களும் “எனக்கு ஒன்றும் ஆகாதில்லையா?” என்று அவரிடம் கேட்பதை நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டில் உங்கள் பங்குதான் கஷ்டமானது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா