நொதிக்கு முகவரி சொல்வது யார்?

வணக்கம் ஐயா,

டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதத்தில் நொதிகள் அசிட்டைல் என்ற சிறு வேதித்துண்டை ஒட்டினால் மரபணு திறக்கிறது, எடுத்தால் மூடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். நொதிக்குக் கண்ணா இருக்கிறது? ஏறக்குறைய 20,000 மரபணுக்களில் எதைத் திறப்பது என்று அதற்கு எப்படித் தெரியும்? நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. அம்மா தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். ஜார்ஜ்டவுனில் நடந்த ஓர் ஆரோக்கியப் பேச்சுக்குப் போனவர், 'நல்ல ஜீன்களை எழுப்பும்' கேப்சூலை வாங்கி வந்துவிட்டார். பாட்டி ஜப்பான்காரன் காலத்தில் ரப்பர் தோட்டத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று வளர்ந்தவர். அந்தப் பசி எங்கள் ஹிஸ்டோனில் ஒட்டியிருக்கிறது என்றும் அங்கே சொன்னார்களாம்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பட்டர்வொர்த், மலேசியா

*

அன்புள்ள டீச்சர்,

கண் கிடையாது. விவகாரமே அதில்தான் இருக்கிறது. கேப்சூல் விற்றவர் அந்த இடத்தைத்தான் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விட்டார்.

முதலில் வேதியியல். எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த ஓர் உருண்டையை 147 எழுத்து நீள டிஎன்ஏ சுற்றிக்கிடக்கிறது. உருண்டையிலிருந்து புரத வால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் லைசின் என்ற அமினோ அமிலம் அதிகம். லைசினின் நுனியில் நேர்மின்னூட்டம், டிஎன்ஏவின் பாஸ்பேட்டில் எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அசிட்டைல் ஏற்றும் நொதி, அசிட்டைல் கோ-ஏ என்ற மூலக்கூறிலிருந்து இரண்டு கார்பன் கொண்ட ஒரு துண்டைக் கழற்றி லைசின் நுனியில் மாட்டுகிறது. நேர்மின்னூட்டம் போய்விடுகிறது, பிடி தளர்கிறது. ஹிஸ்டோனில் எச்3, எச்4 என்று வகைகள் உண்டு. எச்4 ஹிஸ்டோனின் 16ஆவது லைசினில் மட்டும் இது ஏறினாலே போதும், இழை நெருக்கமாக மடிய முடிவதில்லை. நீக்கும் நொதி வந்து கழற்றினால் மறுபடி இறுகிவிடும்.

லைசினில் ஏறும் இன்னொரு சிறு துண்டான மெத்திலின் சமாச்சாரம் வேறு. அது மின்னூட்டத்தைத் தொடுவதே இல்லை, எந்த இடத்தில் ஏறுகிறது என்பதுதான் கணக்கு. எச்3-இன் 4ஆவது லைசினில் மூன்று மெத்தில் இருந்தால் அங்கே இயங்கும் மரபணு ஒன்று தொடங்குகிறது என்று பொருள். 9ஆவதில் மூன்று இருந்தால் எச்பி1 என்ற புரதம் வந்து உட்கார்ந்து இடத்தை மூடிவிடும்.

அசிட்டைலுக்கும் மரபணு இயங்குவதற்கும் தொடர்பு இருக்கவேண்டும் என்று வின்சென்ட் ஆல்ஃப்ரி என்ற விஞ்ஞானி 1964இலேயே சொல்லிவிட்டார். ஆனால் அந்த வேலையைச் செய்யும் நொதி ஆளே அகப்படவில்லை. 1996இல்தான் டேவிட் ஆலிஸ் குழு டெட்ராஹைமினா என்ற குளத்து ஒற்றைச்செல் உயிரியிடமிருந்து அதைப் பிடித்தது. பார்த்தால், ஈஸ்ட்டில் மரபணுக்களை இயக்க உதவுவதாக ஏற்கெனவே தெரிந்திருந்த ஜிசிஎன்5 புரதத்தின் உறவுக்காரர்!

இந்த ஜிசிஎன்5 தானாக டிஎன்ஏவின் எழுத்தைப் படித்து வருவதில்லை. படிப்பதற்கென்று வேறு புரதங்கள் இருக்கின்றன. குறிப்பிட்ட எழுத்து வரிசையைக் கண்டால் அங்கே உட்கார்ந்துகொண்டு நொதிகளை வரவழைக்கும். பாட்டியின் தோட்டத்துப் பாஷையில், யாரை எந்த நிரைக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கும் கங்காணி அந்தப் புரதம்தான். நொதி வெறும் பால்வெட்டு ஆள்.

உங்கள் அம்மாவின் மாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். தைராய்டு ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதமான ஏற்பி, செல்லின் உட்கருவில் டிஎன்ஏ மேலேயே குந்தியிருக்கும். ஹார்மோன் வராதவரை, பல மரபணுக்களில் அது எச்டிஏசி3 என்ற அசிட்டைல் நீக்கும் நொதியைக் கூட்டாளிகளோடு பக்கத்தில் வைத்துக்கொண்டு மரபணுவை அடக்கிவைக்கிறது. மாத்திரையில் இருக்கும் டி4, உடலுக்குள் டி3 ஆக மாறி ஏற்பியில் போய்ப் பொருந்துகிறது. ஏற்பியின் வடிவம் சற்றே மாறுகிறது. நீக்கும் கூட்டம் கழன்றுகொள்ள, ஏற்றும் நொதிகள் வந்து சேர்கின்றன, மரபணு திறக்கிறது. ஆக, குறிப்பிட்ட ஜீன்களை எழுப்பும் மாத்திரை உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. கிளினிக்கில் கொடுத்ததுதான். கூட்டம் போட்டு விளம்பரம் செய்யத்தான் ஆளில்லை.

கேப்சூலில் கங்காணி எங்கே? நிஜமான மருந்துகளே இந்த இடத்தில் திணறுகின்றன. அசிட்டைல் நீக்கும் நொதிகளைத் தடுக்கும் வோரினோஸ்டாட், தோலில் வரும் ஒருவகை லிம்ஃபோமா புற்றுநோய்க்காக அமெரிக்காவில் 2006இல் அனுமதி பெற்றது. புற்றுநோய்ச் செல்லை மட்டும் பார்த்து அது வேலை செய்வதில்லை. இரத்தத் தட்டணுக்களும் குறைகின்றன. வலிப்புக்குக் காலங்காலமாகக் கொடுத்துவந்த வால்ப்ரோயேட்டும் இதே நொதிகளைத் தடுக்கிறது என்பது 2001இல் தெரியவந்தது. கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுக்க மருத்துவர்கள் அஞ்சுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 'நல்லதை மட்டும் எழுப்பும்' என்று ஒருவர் மேடையேறிச் சொன்னால், எதை வைத்து நல்லதைக் கண்டுபிடிக்கும் என்று கேளுங்கள். பதில் வராது.

பாட்டியின் பசி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெதர்லாந்தில் 1944-45 பஞ்சத்தின்போது தாய் வயிற்றில் இருந்தவர்களிடம் சுமார் 60 ஆண்டுகள் கழித்தும் தடம் காணப்பட்டது. ஆனால் அது அவர்களின் டிஎன்ஏ மேலிருந்த மெத்திலில், ஹிஸ்டோனில் அல்ல. பசியைப் பட்டதும் அவர்களே, பேரப்பிள்ளைகள் அல்ல. முட்டையும் விந்தும் உருவாகும்போதும், கரு தரித்த பிறகும், இந்தக் குறிகளில் பெரும்பகுதி அழிக்கப்பட்டுப் புதிதாக எழுதப்படுகிறது. தட்டில் ஒரு பருக்கை மிஞ்சினாலும் திட்டு விழும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், அது ஹிஸ்டோன் வழியாக வந்ததல்ல, பாட்டியின் வாய்வழியாக வந்தது.

அம்மாவிடம் சண்டை வேண்டாம். டப்பாவில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளடக்கத்தில் இரும்போ கால்சியமோ இருந்தால் தைராய்டு மாத்திரை சரியாக உறிஞ்சப்படாது. இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது டப்பாவையே எடுத்துப்போய் மருந்தாளரிடம் காட்டிவிடுங்கள்.