500 ஆங்கில மரபுத்தொடர்களை மனப்பாடம் செய்தால் ஐடி வேலையில் வெளிநாட்டவர் பேச்சு புரியுமா?

தம்பி, நீங்க தமிழ் மீடியம், அம்பாசமுத்திரம் பக்கம், கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகுறீங்க. பாளையங்கோட்டையில ஒரு கோச்சிங் சென்டர்ல 500 மரபுத்தொடர் உள்ள புத்தகத்தைக் குடுத்து ஒப்பிக்கச் சொல்றாங்கன்னு எழுதியிருக்கீங்க. படிச்சதும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நான் முக்கூடல்காரி. அம்மா பீடி சுத்தின காசை இதே மாதிரி ஒரு இடத்துலதான் கட்டினோம். "ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்" (மழை கொட்டுதுன்னு அர்த்தம்)ல ஆரம்பிச்சு பக்கம் பக்கமா உருப்போட வச்சாங்க. வருஷக்கணக்கா வெளிநாட்டு க்ளையண்டுகளோட பேசுறேன், ஒருத்தர் வாயில இருந்தும் அது வந்ததில்ல.

அர்த்தம் மட்டும் தெரிஞ்சா பத்தாது. எந்த ஊர்க்காரர், எந்த நேரத்துல சொல்றார்ங்கிறது தெரியணும். அமெரிக்கர் பேச்சுல பேஸ்பால் நிறைய வரும். "பால்பார்க் ஃபிகர்"னா தோராயக் கணக்கு. பால்பார்க்ங்கிறது பேஸ்பால் மைதானம். "டச் பேஸ்"னா சுருக்கமா ஒரு வார்த்தை பேசிக்கிறது. லண்டன்காரர் கிரிக்கெட்டுக்குப் போவார். சிக்கலான நிலைமைக்கு "ஸ்டிக்கி விக்கெட்"ம்பார். மூடி வைக்காத பிட்ச் மழையில நனைஞ்சு வெயில்ல காயும்போது பந்து தாறுமாறா எழும்பும், அதுல இருந்து வந்தது. குளம் வத்துனதும் ஸ்டம்ப் நடுற நம்ம ஊர்ப் பயலுவளுக்கு இதை ஒப்பிக்கவே வேண்டாம்.

வேலைக்குச் சேர்ந்ததும், உரக்கடையில ஓசியாக் குடுத்த டைரியில எழுத ஆரம்பிச்சேன். தொடர், சொன்னவர் ஊர், அப்புறம் என்ன நடந்துச்சு, அவ்வளவுதான். "அண்டர் தி வெதர்: நியூஜெர்சி, தொண்டை கட்டியிருந்துச்சு, மறுநாள் லீவு." அர்த்தத்துக்குன்னு தனியா இடமே விடல.

அந்த டைரி ஒரு நாள் கைகொடுத்துச்சு. மீட்டிங்ல லண்டன் மேனேஜர் ஒரு விஷயத்தைக் காட்டி "லெட்ஸ் டேபிள் திஸ்"னார். நியூஜெர்சி அம்மா சரின்னுட்டு அடுத்ததுக்குப் போயிட்டாங்க. அவர் திரும்ப அதையே எடுத்தார். அந்தம்மா குரல் மாறிடுச்சு. பிரிட்டன்ல அதுக்கு இப்பவே பேசுவோம்னு அர்த்தம், அமெரிக்காவுல அப்புறம் பாத்துக்கலாம்னு அர்த்தம். எங்க டீம்ல கான்வென்ட்ல படிச்சவங்க எல்லாரும் ம்யூட்ல இருந்தாங்க. நான்தான் "இப்பவே பேசணுமா, தள்ளி வைக்கணுமா?"ன்னு கேட்டேன். அதுக்கப்புறம்தான் ரெண்டு பேருக்கும் விளங்குச்சு. பெருமைக்குத்தான் சொல்றேன். இட்டுக்கட்டுறேன்னு நினைக்கிறவங்களுக்கு: இதே வார்த்தையால இரண்டாம் உலகப்போர் சமயத்துல பிரிட்டிஷ், அமெரிக்க அதிகாரிகளுக்குள்ள பெரிய வாக்குவாதமே நடந்துச்சுன்னு சர்ச்சில் தன்னோட போர் வரலாற்றுல எழுதியிருக்கார்.

புத்தகமே ஆகாதுன்னு சொல்லல, யாரும் சண்டைக்கு வராதீங்க. கேட்ட தொடரைத் தேடிப் பாக்க அகராதி வேணும். கேக்காததை உருப்போடத்தான் வேண்டாம்ங்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்ல, ஆனா சொல்லாம இருக்க முடியல. நம்ம பக்கம் பொண்ணுங்களைப் பாசமா "ஏட்டி"ன்னுதான் கூப்பிடுவாங்க. சென்னை ஹாஸ்டல்ல எங்கம்மா ஃபோன்ல அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டுட்டு, ரூம்ல இருந்த பொண்ணு "ஏன் திட்டுறாங்க?"ன்னா. சாப்பிட்டியான்னுதான் கேட்டாங்க. அன்னையில இருந்து வர்றவங்க போறவங்க முன்னாடியெல்லாம் "ஏலே சொல்லு, ஏலே சொல்லு"ன்னு என்னைப் பேச வச்சு வேடிக்கை பாத்தாங்க. சினிமாவுல அருவா தூக்குறவனுக்கே நம்ம பேச்சைக் குடுத்தா வேற என்ன ஆகும்? நியூஜெர்சிக்காரங்க எது சொன்னாலும் உட்கார்ந்து அர்த்தம் தேடுறாங்க. முக்கூடல்ல இருந்து ஒரு அம்மா பேசினா மட்டும் சிரிப்பு வருது. எனக்கு இன்னைக்கும் ஆறல.

இன்டர்வியூல நீங்களா மரபுத்தொடர் எதையும் போடாதீங்க. அவங்க சொல்றது புரியலன்னா "குட் யூ ரீஃப்ரேஸ் தட்?" (வேற மாதிரி சொல்ல முடியுமா?)னு தைரியமாக் கேளுங்க. ஃப்ரெஷர்ஸ் எடுக்குற பேனல்ல நான் உட்காருறேன், கேட்டதுக்காக யாருக்கும் மார்க் குறைச்சதில்ல. சென்டர்ல அடுத்த தவணையைக் கட்டாம, அந்தக் காசுல நல்ல ஹெட்போன் ஒண்ணு வாங்கி பிரிட்டன் பேச்சுக்கு பிபிசியும், அமெரிக்கப் பேச்சுக்கு அங்க உள்ள என்பிஆர் ரேடியோவும் மாத்தி மாத்திக் கேளுங்க.