பெக்கியா, அட்மிரல்டி விரிகுடா: நங்கூரம் நழுவுகிறது

கரீபியன் தீவான பெக்கியாவில் 20 மீட்டர் சங்கிலி விட்டும் படகின் நங்கூரம் நிற்காமல் நழுவுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். 20 மீட்டர் போதாது, 35 விடுங்கள். ஆழம் 5 மீட்டர்தான் என்கிறீர்கள், ஆனால் கணக்கைப் படகின் மூக்கிலிருந்து போட வேண்டும், அது தண்ணீருக்கு மேல் ஒன்றரை மீட்டர் இருந்தால் மொத்தம் ஆறரை, ஆக நீங்கள் விட்டது மூன்று மடங்குதான். குறைந்தது ஐந்து மடங்காவது வேண்டும், அதுவும் இரவில் மலை இடுக்கு வழியாகக் காற்று குபீரென்று இறங்கும் இடத்தில்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். அங்கே சில இடங்களில் கடற்புல், சில இடங்களில் மணல் மெல்லிய போர்வை மாதிரி, கீழே கெட்டித் தரை. வெளிர் நிறமாகத் தெரியும் மணலில் போட்டு, எஞ்சினை மெதுவாக ரிவர்ஸில் இழுத்து, கரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் தெரியும் இரண்டு பொருள்களைக் குறிவைத்துப் பாருங்கள். கோடு கலையாமல் இருந்தால் சரி. அப்புறம் நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு குதித்து, நங்கூரத்தின் கொழு (மண்ணைக் குத்திப் பிடிக்கும் முனை) மண்ணுக்குள் புதைந்திருக்கிறதா, பக்கவாட்டில் சும்மா கிடக்கிறதா என்று நேரில் பார்த்துவிடுங்கள்.

கரைக்குப் போவது பற்றிக் கேட்டிருந்தீர்கள்: முதலில் மஞ்சள் கொடி (இன்னும் நுழைவு அனுமதி வாங்கவில்லை என்று காட்டுவது) ஏற்றுங்கள், போர்ட் எலிசபெத்தில் சுங்கம், குடிவரவு முடியும் வரை கேப்டன் மட்டும் இறங்கலாம். டிங்கியை (கரைக்குப் போகும் சிறு படகை) நீளக் கயிற்றில் கட்டிப் பூட்டுங்கள்.

ஒன்று மட்டும்: யாராவது படகில் வந்து நங்கூரத்துக்குப் பதிலாகப் படகைக் கட்ட வாடகை மிதவை காட்டினால், அடிக்கயிற்றை மூழ்கிப் பார்க்காமல் கட்டாதீர்கள். குளிர்காலத்தில் வடக்கு அலை எழும்பினால் பிரின்சஸ் மார்கரெட் கடற்கரையில் டிங்கியை ஏற்றவும் வேண்டாம், கவிழ்த்துவிடும்.