ராஜஸ்தான் குதிரையை டெல்டாவுக்கு எப்போது, எப்படி ஏற்றிவருவது?

கேள்வி: ஐயா, வணக்கம். மன்னார்குடி பக்கம் எங்களுக்கு நெல்லும் கொஞ்சம் தென்னையும் உண்டு. குதிரை வளர்ப்பது நெடுநாள் ஆசை. இந்த முறை ராஜஸ்தான் புஷ்கர் சந்தையில் ஐந்து வயது மார்வாரி இனப் பெட்டைக் குதிரை ஒன்றைப் பேசி முடித்திருக்கிறேன். சினை இல்லை. எங்கும் நிற்காமல் ஓட்டிவந்து இறக்கிவிடுவதாக லாரிக்காரர் சொல்கிறார். பாலைவனக் குதிரைக்கு நம்மூர் வெயில் ஒரு பொருட்டே இல்லை என்கிறார்கள். உடனே ஏற்றலாமா? வந்ததும் மாடுகளுக்குப் போடும் கோ-4 புல்லையும் தவிட்டையும் கொடுக்கலாமா?

பதில்: வணக்கம் தம்பி. உடனே ஏற்றுவது, நிற்காமல் ஓட்டிவருவது, மாட்டுத் தீவனம் போடுவது, மூன்றுக்கும் என் பதில் ‘வேண்டாம்’ என்பதுதான். குதிரையே வேண்டாம் என்று சொல்லவில்லை. மார்வாரி நல்ல தேர்வு, பழகினால் டெல்டாவிலும் நன்றாக இருக்கும். பழகுவதற்கு நாம் நேரம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் அந்த வெயில் கதை. மனிதனைப் போலவே குதிரையும் உடம்பு முழுக்க வியர்த்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். வியர்வை வெறுமனே வழிந்தால் பயனில்லை, காய வேண்டும். ராஜஸ்தானில் 42 டிகிரி அடித்தாலும் காற்று உலர்ந்தது, வியர்வை உடனே காய்ந்துவிடும். நம்மூரில் 35 டிகிரிதான் இருக்கும், ஆனால் புழுக்கத்தில் வியர்வை சொட்டுமே தவிரக் காயாது. உடம்புச் சூடு உள்ளேயே நிற்கும். போதாக்குறைக்கு, குதிரை வியர்வையில் உப்பு நம் வியர்வையைவிட அதிகம். பாலைவனக் குதிரை வெயிலைத் தாங்கும் என்பது உண்மைதான். நம்மூர்ப் புழுக்கத்தை அது பார்த்ததே இல்லை.

இப்போது காலத்தைப் பாருங்கள். புஷ்கர் சந்தை முடியும் நேரம் நமக்கு அடைமழைக் காலம். வறண்ட மணலில் நடந்த குளம்பு நேராகச் சேற்றில் இறங்கினால் ஊறி மென்மையாகிவிடும். குளம்பின் அடியில் முக்கோணமாக மெத்தைபோல ஒரு பகுதி இருக்கிறதே, அது அழுகி நாறத் தொடங்கும். ஈயும் கொசுவும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். அதனால் விற்றவரிடமே பேசி, பராமரிப்புச் செலவைக் கொடுத்து, பொங்கல் வரை அங்கேயே விட்டுவையுங்கள். தை மாதம் பாதிக்கு மேல் இங்கே வந்து இறங்கினால் தரை காய்ந்திருக்கும், காற்று இதமாக இருக்கும். சித்திரை வெயிலுக்கு முன் இரண்டரை மாதம் கிடைக்கும். புதிய தட்பவெப்பத்துக்கு உடம்பு பழக இரண்டு மூன்று வாரமாவது ஆகும். மீதி நாட்கள் உங்களுக்குக் கையிருப்பு.

அடுத்து பயணம். நிற்காமல் ஓட்டிவருவேன் என்று பெருமையாகச் சொல்கிற லாரிக்காரரை விட்டுவிடுங்கள். இது 2,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. என்னிடம் இப்படி ஒரு குதிரை வந்தது. தலையைக் குட்டையாகக் கட்டி, தார்ப்பாயை நாலு பக்கமும் மூடி, இரண்டு நாளுக்கு மேல் இறக்காமல் கொண்டுவந்திருந்தார்கள். இறங்கும்போது களைப்பாகத்தான் தெரிந்தது. மறுநாள் காய்ச்சல், மூன்றாம் நாள் மூச்சில் நாற்றம். நுரையீரல் முழுக்கச் சீழ். என்னால் காப்பாற்ற முடியவில்லை. இன்றைக்கும் அது என் மனதை விட்டுப் போகவில்லை.

காரணம் எளியது. குதிரை மேயும்போது தலையைத் தாழ்த்தியே இருக்கும். மூச்சுக்குழாயில் சேரும் தூசியும் சளியும் அப்போது தானாக வடிந்துவிடும். தலையைத் தூக்கிக் கட்டிவிட்டால் வடியாது. சில மணி நேரத்திலேயே அங்கே கிருமி பெருகத் தொடங்கும். எனவே கயிறு, தலையைத் தாழ்த்த வசதியாக இருக்க வேண்டும், அதே சமயம் காலில் சிக்கும் அளவுக்கு நீளமாகவும் இருக்கக் கூடாது. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிழலில் நிறுத்தி, கயிற்றைத் தளர்த்தி, தரைமட்டத்தில் தண்ணீரும் புல்லும் வையுங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேர ஓட்டத்துக்கு மேல் வேண்டாம். இரவில் இறக்கி நடக்கவிட்டு, ஓய்வு கொடுத்து, காலையில் ஏற்றுங்கள். ஐந்து நாள் ஆகும், ஆகட்டும்.

தை மாதம் ராஜஸ்தானில் இரவுக் குளிர் கடுமையாக இருக்கும், ஓடும் வண்டியில் காற்று வேறு. முன்பக்கம் மட்டும் தார்ப்பாய் கட்டி, பக்கவாட்டில் மேலே காற்றோட்டம் விடுங்கள். குளிருக்குப் போர்த்திய துணியைத் தெற்கே வர வர எடுத்துவிட வேண்டும். இதை மறந்து, போர்வைக்குள்ளேயே வேகவைத்துக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. தரையில் தேங்காய் நார் விரிப்பின் மேல் மணல் போடுங்கள், வழுக்காது. குதிரையைப் பழக்கிய ஆள் ஒருவர் கூடவே வர வேண்டும்.

வழியில் தானியம் கொடுக்க வேண்டாம், காய்ந்த புல் மட்டும் போதும். தூசி பறக்காமல் இருக்கத் தண்ணீர் தெளித்துக் கொடுங்கள். ஊர் ஊராகத் தண்ணீர் ருசி மாறும்போது சில குதிரைகள் குடிக்க மறுக்கும். குடிக்காவிட்டால் குடலில் தீவனம் இறுகி வயிற்றுவலி வந்துவிடும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கலந்து பழக்கிவிடச் சொல்லுங்கள். வழியிலும் அப்படியே கலந்தால் ருசி மாறியது தெரியாது.

வந்து இறங்கியதும் ஒரு வாரம் காலை மாலை தெர்மாமீட்டர் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். 99.5 முதல் 101.3 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. 102-ஐத் தொட்டாலோ, தீனி எடுக்காவிட்டாலோ, இருமினாலோ அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். இங்கே வேறு குதிரை, கழுதை இருந்தால் மூன்று வாரம் பக்கத்தில் விட வேண்டாம்.

தீவனத்துக்கு வருவோம். குதிரையோடு அங்கிருந்தே பத்துப் பதினைந்து நாள் தீவனம் ஏற்றிவந்து, கொஞ்சம் கொஞ்சமாக நம்மூர்த் தீவனத்துக்கு மாற்றுங்கள். கோ-4, சூப்பர் நேப்பியர் இவற்றை முக்கியத் தீவனமாக வைக்க வேண்டாம். அவற்றில் உள்ள ஆக்சலேட், தீவனத்தின் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். மாட்டின் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதை உடைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம் என்பதால் அது நிலைமையை இன்னும் கெடுக்கும். இரண்டும் சேர்ந்து மாதக்கணக்கில் போனால் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து, முகத்தெலும்பு வீங்கி, கால் நொண்டும். உங்கள் வரப்பில் இருக்கிற அருகம்புல்லைவிட நல்ல தீவனம் தேட வேண்டியதில்லை. பூச்சிமருந்து அடித்த வயல் வரப்பை மட்டும் தவிருங்கள். ஊறவைத்த கொள்ளு அளவாகக் கொடுக்கலாம். வைக்கோலை மட்டும் நம்ப வேண்டாம். கோழித் தீவனம் பக்கத்திலேயே வரக் கூடாது. சில கோழித் தீவனங்களில் சேர்க்கும் மோனென்சின் என்ற மருந்து குதிரையைக் கொன்றுவிடும்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல் கடந்து கொண்டுவந்த குதிரைகள் இங்கே ஏராளமாகச் செத்துப்போவதைக் குறித்திருக்கிறார். வேகவைத்த அரிசியும் இறைச்சியும் கொடுத்தார்களாம். பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை என்பதும் அவர் சொன்ன காரணம். எழுநூறு ஆண்டுக்குப் பிறகும் நாம் அதே தவறைச் செய்யக் கூடாது.

கொட்டகை மேட்டில் இருக்கட்டும். தகரம் வேண்டாம், உயரமான கீற்றுக் கூரை போதும். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி இடம், நாலு பக்கமும் காற்று. தினமும் ஒரு கைப்பிடி உப்பு, எந்நேரமும் தண்ணீர். ஒரு நாளைக்கு 30, 40 லிட்டர் குடிக்கும். சூடான குதிரை மேல் குளிர்ந்த நீர் ஊற்றக் கூடாது என்பார்கள், அது தவறு. தாராளமாக ஊற்றி, வழித்துவிட்டு, மறுபடி ஊற்றுங்கள். முதல் கோடையில், சூட்டிலும் வியர்க்காமல் தோல் காய்ந்து, விலா வேகமாக ஏறி இறங்கினால் கவனியுங்கள். வியர்வை நின்றுபோகும் இந்தக் கோளாறுக்கு உறுதியான மருந்து இல்லை. வேலையை நிறுத்தி, குளிர்ச்சியான இடத்தில் வைப்பதுதான் வழி. விட்டுவிட்டுக் காய்ச்சல், அடிவயிற்றிலும் காலிலும் வீக்கம், ஈறு வெளுப்பு இருந்தால், ரத்தத்தில் ஒட்டுண்ணி பெருகும் சர்ரா நோய்க்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அதைப் பரப்புவது கடி ஈதான். மாலையில் வேப்பிலைப் புகை போடுங்கள், ஆனால் கொட்டகைக்குள் புகை அடைய விடக் கூடாது.

கடைசியாக, காகிதம். கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்று இல்லாமல் குதிரையை வண்டியில் ஏற்றக் கூடாது. அதைவிட முக்கியம், குதிரைக்கு வரும் கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனை. இது மனிதருக்கும் தொற்றும். நோய் உறுதியானால் குதிரையை அழிக்க வேண்டும் என்பது சட்டம். ரத்த மாதிரியைச் சந்தைக்காரர் எடுக்கக் கூடாது, அரசு கால்நடை மருத்துவர் எடுக்க வேண்டும். டெட்டனஸ், குதிரைக் காய்ச்சல் தடுப்பூசிகளைக் கிளம்புவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். இன்றே விற்றவரிடம் பேசுங்கள். கிளாண்டர்ஸ் இல்லை என்ற முடிவு உங்கள் கைக்கு வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.