ரெண்டு பெக் போட்டா ராத்திரியில் மலைப்பாதை கண்ணுக்குச் சரியாத் தெரியுமா?

"ரெண்டு பெக்தான், நிதானமா இருக்கேன், கோத்தகிரியிலிருந்து இறங்கலாமா"ன்னு கேட்டிருக்கீங்க. ஏற்கெனவே ஒரு தடவை இறங்கிப் பார்த்திருப்பீங்கன்னு நினைக்கிறேன். நானும் இறங்கினவன்தான்.

14 வருஷமா மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் ஏத்திட்டுப் போற பிக்கப் ஓட்டறேன். ஒரு கல்யாண வீட்டில் கட்டிங் போட்டுட்டு வண்டியை எடுத்தேன். நாக்கு குழறலை, கை நடுங்கலை. அரவேனு தாண்டி ஒரு வளைவில், மேலே ஏறி வந்த கார்க்காரர் ஹை பீமை இறக்கவே இல்லை. கார் போயிடுச்சு, எனக்கு ரோடு திரும்பி வரலை. வழக்கமா ரெண்டு மூணு நொடியில் ஓரத்து வெள்ளைக்கோடு தெரிஞ்சிடும். அன்னைக்கு இருட்டு அப்படியே நின்னுச்சு. பிரேக்கை மிதிச்சேன். வண்டி நின்னப்புறம்தான் முன்னாடி நாலு வெள்ளைக் கால் தெரிஞ்சது, முழங்காலுக்குக் கீழே மட்டும். மேலே கன்னங்கரேல்னு காட்டெருமை. அது விட்ட மூச்சு ஹெட்லைட் வெளிச்சத்தில் புகையா ஓடுச்சு. பம்பருக்கும் அதுக்கும் ஒரு முழம்கூட இல்லை.

அப்புறம் ஒரு கண் முகாமில் டாக்டர்கிட்டயே கேட்டேன். சாராயம் உள்ளே போனா கண்ணின் பாப்பா சுருங்கி விரியறது மந்தமாயிடுமாம். வெளிச்சம் அடிச்சா பார்வை திரும்ப நேரமாகும், விளக்கைச் சுத்தி வளையம் தெரியும். கறுப்பையும் கருஞ்சாம்பலையும் பிரிச்சுப் பார்க்கிற திறனும் குறையும். அதனால கடை போர்டைப் படிச்சுப் பார்த்து 'தெளிவாத்தான் இருக்கேன்'னு முடிவு பண்ணாதீங்க. போர்டு வெளிச்சத்தில் இருக்கு, எருமை இருட்டில் நிக்குது. குடிக்காதவனுக்கே டியூப்லைட் வெளிச்சத்திலிருந்து வெளியே வந்தா கண் இருட்டுக்கு முழுசாப் பழக 20, 30 நிமிஷம் ஆகும். வருஷக்கணக்கா குடிச்சு ஈரல் கெட்டவங்களுக்கு வைட்டமின் ஏ குறைஞ்சு மாலைக்கண்ணே வரலாம்.

'100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் வரைக்கும் சட்டமே விடுதே'ன்னு யாராவது வருவீங்க. அது போலீஸ் ஊதச் சொல்றப்போ பார்க்கிற கணக்கு. பனி இறங்கின வளைவுக்கு யாரும் கணக்குப் போட்டுத் தரலை.

உடனே 'டிரைவர்னாலே குடிகாரன்'னும் எழுத வேண்டாம். அன்னையிலிருந்து வண்டி எடுக்கிற நாளில் நான் தொடறதில்லை. என் தம்பியும் டிரைவர், வாழ்க்கையில் ஒரு சொட்டு குடிச்சதில்லை. பொண்ணு பார்க்கப் போன ரெண்டு வீட்டிலும் முதல் கேள்வி 'குடிப்பாரா'தான். இல்லைன்னு சொன்னோம், நம்பலை. ராத்திரி ஒரு மணிக்குப் பனியில் இறங்கி அவன் கொண்டு போற கேரட்டைத்தான் அவங்க வீட்டிலும் சமைக்கிறாங்க.

நீங்க அங்கேயே படுத்துட்டு, விடிஞ்சப்புறம் இறங்குங்க.